வாகன இலக்கத் தகடுகள்: எழுத்தும் எண்ணும் வந்த வழி

பண்ணைப் பாலத்தைக் கடந்து, அல்லைப்பிட்டியைத் தாண்டி வரும் வீதி மண்கும்பானில் மணல் தரைக்கும் பனைகளுக்கும் நடுவே வேலணை நோக்கிப் போகிறது. அந்த வீதியோரத்தில் அரை மணித்தியாலம் நின்று, போகும் வரும் வாகனங்களின் இலக்கத் தகடுகளை மாத்திரம் கவனித்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வாடகைக்கு வந்த பழைய ஒஸ்ரின் காரில் ஆங்கில எழுத்து இரண்டும் அதன் பின் நான்கு எண்களும் இருக்கும். அடுத்து வரும் உழவு இயந்திரத்தில் எண்களுக்கு நடுவே சிங்கள 'ஸ்ரீ' நிற்கும். மினி பஸ் ஒன்றில் எழுத்தே இல்லாமல் எண்ணுக்கும் எண்ணுக்கும் இடையில் ஒரு சிறு கோடு. முச்சக்கர வண்டியில் 'என்.பீ.' எனச் சிறிய எழுத்தும் அதற்குப் பக்கத்தில் பெரிய எழுத்துக்களும். நேற்று வாங்கிய மோட்டார் சைக்கிளில் மூன்று ஆங்கில எழுத்து, ஆனால் 'என்.பீ.' இல்லை.

எல்லாம் ஒரே நாட்டில் ஒரே திணைக்களம் கொடுத்த இலக்கங்கள்தாம். பின் ஏன் இத்தனை விதம்? இதைத் தெரிந்து என்ன பயன் என்று சிலர் கேட்கக்கூடும். பயன் உண்டு. அதற்கு முதலில் ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும்.

எங்கள் அயலில் ஒரு பெரியவர் இருந்தார். வெங்காயம், புகையிலை செய்தவர். 1990 ஆவணியில் தீவுப்பகுதிச் சனங்கள் இடம்பெயர்ந்தபோது அவரும் குடும்பத்தோடு வெளியேறினார். உழவு இயந்திரத்தைக் கொண்டுபோக வழியில்லை. கொட்டிலுக்குள் விட்டு, கடைசி நேரத்தில் திருகாணியைக் கழற்றி இலக்கத் தகட்டை மாத்திரம் உரப்பையில் போட்டுக்கொண்டார். தகடு இல்லாத வண்டியை எவரும் வெளியே எடுத்து ஓடமாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு. பதிவுப் புத்தகம் வீட்டு அலுமாரியில் இருந்தது. அலுமாரியும் போயிற்று, புத்தகமும் போயிற்று, இயந்திரமும் போயிற்று. தகடு மாத்திரம் அவரோடு யாழ்ப்பாணம், பின் வன்னி, பின் வவுனியா எனப் பல இடம் திரிந்து, கடைசியில் அவரோடேயே ஊருக்குத் திரும்பி வந்தது. "நான் கொண்டு போனது பிழையான சாமான், தம்பி" என்று அவர் பின்னாளில் சிரித்துக்கொண்டு சொல்வார். அது முழுக்கப் பிழையான சாமானும் அல்ல என்பதைக் கீழே பார்ப்போம்.

இலக்கம் ஏன் வந்தது?

மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் ஓடிய காலத்தில் ஊருக்குள் எந்த வண்டி யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். மாட்டைப் பார்த்தாலே உடையவரைச் சொல்லிவிடலாம். மோட்டார் வண்டி வந்ததும் நிலைமை மாறியது. அது வேகமாக வந்தது. தெரியாத ஊரிலிருந்து வந்தது. ஒருவரை இடித்துவிட்டு அடுத்த நிமிடம் கண்ணுக்கு எட்டாத தூரம் போயிருக்கும். ஓட்டியவரைத் தேடிப் பிடிக்க ஒரு அடையாளம் வேண்டியிருந்தது. பிரான்ஸ் நாட்டின் பாரிஸ் நகரப் பொலிசார் 1893ஆம் ஆண்டில் மோட்டார் வண்டிகளுக்குத் தகடு பொருத்த வேண்டும் எனக் கட்டளையிட்டனர். பிரித்தானியாவில் 1903இல் சட்டம் இயற்றி, 1904 தை முதலாம் திகதி தொடக்கம் எழுத்தும் எண்ணும் கொண்ட தகட்டைக் கட்டாயமாக்கினர். இலங்கை அப்போது பிரித்தானியர் ஆட்சியில் இருந்தபடியால் அந்த முறையே இங்கும் வந்தது. ஓர் ஆங்கில எழுத்து, அதன்பின் எண் என்பதே தொடக்ககாலத்து வடிவம்.

பாதுகாப்பு ஒரு காரணம். வரி இன்னொரு காரணம். இலக்கம் கொடுக்க வேண்டுமென்றால் பதிவேடு வேண்டும். பதிவேடு இருந்தால் யார் யாரிடம் வாகனம் உண்டு என்று அரசாங்கத்துக்குத் தெரியும். தெரிந்தால் ஆண்டுதோறும் வரி அறவிடலாம். இந்த இரண்டு நோக்கமும் இன்றுவரை சேர்ந்தே போகின்றன. அதனால்தான் நம்மிடம் இரண்டு வேறு பத்திரங்கள் உள்ளன: ஒன்று பதிவுப் புத்தகம், மற்றது ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கும் வருமான உத்தரவுப்பத்திரம். பலர் இரண்டையும் ஒன்றென எண்ணிக் குழம்புவதுண்டு.

'சிலோன்' எழுத்துக்கள்

ஒரு எழுத்தோடு நான்கு எண்கள் என்றால் 1 தொடக்கம் 9,999 வரைதான் போகலாம். வாகனங்கள் பெருகப் பெருக எழுத்துக்கள் தீர்ந்துகொண்டு வந்தன. 1950களின் முற்பகுதியில் நாட்டின் அப்போதைய ஆங்கிலப் பெயரான 'சிலோன்' என்பதன் எழுத்துக்களையே இரண்டிரண்டாகச் சேர்த்து வரிசைகள் உண்டாக்கினார்கள். சீ.ஈ., சீ.எல்., சீ.என்., சீ.வை., ஈ.எல்., ஈ.வை., ஈ.என். என்பன அவ்வாறு வந்தவை. இதே காலத்தில்தான் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் வந்தது. பல திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருப்பது அதுவே.

இந்த எழுத்துக்களைக் கொண்ட கார்கள் நாட்டின் வேறெந்தப் பகுதியிலும் பார்க்க யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் ஓடின. அதற்குக் காரணம் பழைமை மீதுள்ள பற்று என்று வெளியூர்க்காரர் நினைப்பர். 1990க்குப் பின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களின் இயந்திரம் குறைந்த அமுக்கத்தில் வேலை செய்வது. சில துளி பெற்றோலை விட்டு இயக்கி, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட வைக்கலாம். புதிய கார்கள் கொட்டிலில் கிடக்க, ஐம்பதுகளில் பதிவான கார்களே நோயாளரையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் ஆசுபத்திரிக்குக் கொண்டு ஓடின. 'ஈ.என்.' என்ற எழுத்தைக் கண்டால் அந்தக் கரும்புகையின் மணம் இப்போதும் நினைவுக்கு வருபவர்கள் நம்மிடையே பலர்.

வெளிநாட்டுக்கு வாகனம் கொண்டுசெல்லும்போது பின்னால் ஒட்டும் நீள்வட்ட அடையாளத்தில் இலங்கைக்கு உரிய எழுத்து இன்றும் 'சீ.எல்.' தான். நாட்டின் பெயர் மாறி அரை நூற்றாண்டு கழிந்தும் அந்த 'சிலோன்' அங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஸ்ரீ

இனி வருவது இந்த வரலாற்றில் நம்மை நேரே தொட்ட பகுதி. கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

1956 சித்திரையில் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க பிரதமரானார். அவ்வாண்டு ஆனியில் சிங்களத்தை மாத்திரம் உத்தியோக மொழியாக்கும் சட்டம் நிறைவேறியது. 'சிலோன்' எழுத்து வரிசையும் முடியும் தறுவாயில் இருந்தது. எப்படியும் புதியதொரு முறை தேவைப்பட்டது. போக்குவரத்து அமைச்சராக இருந்தவர் மைத்திரிபால சேனநாயக்க. ஆங்கில எழுத்துக்குப் பதிலாக, இரண்டு எண்களுக்கு இடையே சிங்கள எழுத்தில் 'ஸ்ரீ' என எழுதும் முறை கொண்டுவரப்பட்டது. 1957 தை மாதம் தொடக்கம் புதிதாகப் பதியப்படும் வாகனங்களுக்கு '1 ஸ்ரீ' எனத் தொடங்கும் இலக்கங்கள் கொடுக்கப்பட்டன.

ஸ்ரீ என்ற சொல்லில் தமிழருக்குப் பகை இருக்கவில்லை. கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரத்திலும் கலியாண அழைப்பிதழிலும் அந்நாளில் நாமும் அதை எழுதியவர்கள்தாம். சொல் வடமொழிச் சொல். தமிழ் அச்சிலும் அதற்கு எழுத்து உண்டு. பிரச்சினை எந்த எழுத்தில் எழுதுவது என்பதில் இருந்தது. தமிழர் சொந்தப் பணத்தில் வாங்கிய வாகனத்தில், அவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், சிங்கள எழுத்தைச் சுமந்துகொண்டு ஊருக்குள் ஓட வேண்டும் என்றானது. மொழிச் சட்டம் காகிதத்தில் இருந்தது. அதைப் படித்தவர் சிலர். இலக்கத் தகடோ படலையடியிலேயே நின்றது.

இலங்கைத் தமிழரசுக் கட்சி 1957 தையில் ஸ்ரீ எதிர்ப்புப் போராட்டத்தைத் தொடங்கியது. சிங்கள எழுத்தைத் தார் பூசி அழித்து, தமிழில் 'ஸ்ரீ' எழுதி வாகனம் ஓட்டும்படி மக்களைக் கேட்டது. சட்டப்படி அது குற்றம், தெரிந்தே செய்தார்கள். அவ்வாண்டு மாசி 4ஆம் திகதி, சுதந்திர தினத்தைக் கறுப்புக் கொடியுடன் அனுட்டித்தபோது திருகோணமலையில் நடராசன் என்ற இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். திருமலை நடராசன் என்று அவர் பெயர் நினைவுகூரப்படுகிறது.

1957 ஆடி 26ஆம் திகதி பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தானது. கொஞ்சம் ஆறுதல் பிறந்தது. ஆனால் 1958 தை முதலாம் திகதி தனியார் பஸ் கம்பனிகள் அரசுடைமையாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானது. பங்குனி மாதத்தில் அந்தச் சபையின் புதிய பஸ்கள் சிங்கள ஸ்ரீ இலக்கத்தோடு வடக்குக்கு அனுப்பப்பட்டன. மீண்டும் தார்வாளி வெளியே வந்தது. இங்கே பஸ்களின் தகட்டில் தார் பூச, தெற்கிலும் கொழும்பிலும் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் பூசினார்கள். சித்திரை 9ஆம் திகதி பிக்குமாரும் மற்றவர்களும் பிரதமரின் வீட்டுக்கு முன்னால் கூடியிருக்க, ஒப்பந்தம் கைவிடப்பட்டது. வைகாசியில் இனக்கலவரம் மூண்டது. வைகாசி 27ஆம் திகதி அவசரகாலச் சட்டம் பிரகடனமானது. தெற்கில் வாழ்ந்த தமிழர் ஆயிரக்கணக்கில் கப்பலேறிக் காங்கேசன்துறை வந்து இறங்கினார்கள். இடம்பெயர்வு என்ற சொல்லை நம் தலைமுறை பின்னாளில் படித்தது. நம் பெற்றோரில் சிலருக்கு அது அன்றே அறிமுகமாகிவிட்டது.

ஒரு தகட்டிலுள்ள எழுத்தினாலேயே கலவரம் வந்தது என்று எழுதினால் அது சரியாகாது. மொழி, காணி, குடியேற்றம், வேலைவாய்ப்பு என்று வேறு பல காரணங்கள் அடியில் இருந்தன. ஆனால் எல்லோர் கண்ணிலும் நாள் முழுவதும் பட்டுக்கொண்டிருந்தது அந்த எழுத்துத்தான்.

போராட்டம் ஓய்ந்தது, ஸ்ரீ நிலைத்தது. அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நாம் வாங்கிய உழவு இயந்திரம், லொறி, மோட்டார் சைக்கிள் எல்லாவற்றிலும் அதுவே இருந்தது. 1972 வைகாசி 22ஆம் திகதி நாட்டின் பெயரே ஸ்ரீ லங்கா ஆனது. தகட்டில் வந்த எழுத்து பதினைந்து ஆண்டுகளின் பின் நாட்டின் பெயரில் ஏறியது என்றும் சொல்லலாம். நமது அயல் பெரியவர் உரப்பையில் கொண்டு திரிந்ததும் ஒரு ஸ்ரீ தகடே. ஐம்பத்தெட்டில் தார் பூசியவர்களுள் தானும் ஒருவன் என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதே எழுத்துள்ள தகட்டை இருபது ஆண்டு காலம் பொன்போலக் காத்ததை நினைத்து அவரே வியந்ததுண்டு.

கோடும் மாகாண எழுத்தும்

1990களில் ஸ்ரீ நீங்கி, அந்த இடத்தில் ஒரு சிறு கோடு வந்தது. முன்னால் உள்ள எண்ணைக் கொண்டு வாகன வகையை அறியலாம். 300, 301 என்றால் கார். 250, 252 என்றால் வான். 60, 61, 62 என்றால் பஸ். 200இல் தொடங்கினால் முச்சக்கர வண்டி. எந்த மொழி எழுத்தும் இல்லாத முறை இது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் இதைச் செய்திருந்தால் என்று எண்ணத் தோன்றும்.

2000ஆம் ஆண்டில் இன்று நாம் அதிகம் காணும் முறை வந்தது. பெரிய ஆங்கில எழுத்து இரண்டு, நான்கு எண்கள், இடப்பக்கத்தில் மாகாணத்தைக் காட்டும் சிறிய எழுத்து இரண்டு. முன் தகடு வெள்ளை, பின் தகடு மஞ்சள், இரண்டிலும் எழுத்து கறுப்பு. இரவில் வெளிச்சம் படும்போது தகடு ஒளிரும். வெள்ளை தெரிந்தால் வாகனம் நம்மை நோக்கி வருகிறது, மஞ்சள் தெரிந்தால் நம்மை விட்டுப் போகிறது என்று தூரத்திலேயே அறியலாம். மின்விளக்கில்லாத தீவு வீதிகளில் சைக்கிளில் போகிறவர்களுக்கு இது சிறிய உதவி அல்ல.

பெரிய எழுத்துக்களில் முதலாவது வாகன வகையைக் குறிக்கும். 'கே' என்றால் கார், 'எல்' என்றால் லொறி, 'என்' என்றால் பஸ், 'கியூ' என்றால் முச்சக்கர வண்டி. இரண்டு எழுத்தில் முதலாவது வகைக்கென ஒதுக்கப்பட்டால், இரண்டாவது எழுத்துக்கு 26 வழிதான் உண்டு. 26ஐ 9,999ஆல் பெருக்கினால் 2,59,974. மோட்டார் சைக்கிள்கள் பெருகிய வேகத்துக்கு இது எந்த மூலைக்கும் காணவில்லை. ஓரெழுத்து முடிய வேறெழுத்து என்று மாற்றி மாற்றிக் கொடுத்தும் போதவில்லை. எனவே அடுத்த பத்தாண்டில் மூன்று எழுத்து முறைக்குப் போனார்கள். இதில் 'ஏ' முச்சக்கர வண்டிக்கும், 'பீ' மோட்டார் சைக்கிளுக்கும், 'சீ' காருக்கும் முதலெழுத்து. பின்னால் வரும் இரண்டு எழுத்துக்களுக்கு 26ஐ 26ஆல் பெருக்க 676 வழி. எல்லா எழுத்தையும் பாவித்தால் ஒரு வகைக்கு மாத்திரம் 67 இலட்சத்துக்கு மேற்பட்ட இலக்கங்கள் கொடுக்கலாம். கணக்குப் படிக்கும் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மாகாண எழுத்துக்களில் வடக்குக்கு 'என்.பீ.', கிழக்குக்கு 'ஈ.பீ.', வடமத்திக்கு 'என்.சீ.', வடமேற்குக்கு 'என்.டபிள்யூ.', மேற்குக்கு 'டபிள்யூ.பீ.', மத்திக்கு 'சீ.பீ.', தெற்குக்கு 'எஸ்.பீ.', ஊவாவுக்கு 'யூ.பீ.' என்பன. சப்ரகமுவவுக்கு 'எஸ்.ஜீ.' என்று கொடுத்தார்கள். 'எஸ்.பீ.'யைத் தெற்கு எடுத்துக்கொண்டதே காரணம்.

இந்த எழுத்து எதற்காக? வருமான உத்தரவுப்பத்திரக் கட்டணம் மாகாண சபைக்குச் சேரும் பணம். எந்த வாகனத்தின் பணம் எந்த மாகாணத்துக்கு என்று பிரிப்பதற்கே இது உதவியது. ஆனால் போர்க்காலத்தில் அதற்கு வேறொரு வேலையும் வந்து சேர்ந்தது. தெற்கே போன வடக்கு வாகனம் எதுவென்று சோதனைச் சாவடியில் நின்றவர் பத்திரம் பார்க்காமலே அறிந்துகொண்டார். 'என்.பீ.' என்றால் ஓரமாக நிறுத்து என்பதே வழக்கமாயிருந்தது என்று அக்காலத்தில் வாகனம் ஓட்டியவர்கள் சொல்வார்கள். அதனால் வாகனம் வாங்கும்போது 'டபிள்யூ.பீ.' ஆகப் பார்த்து வாங்கியவர்களும் உண்டு.

முன்னர் ஒரு மாகாணத்தவர் வேறு மாகாணத்தவருக்கு வாகனத்தை விற்றால் தகட்டை மாற்ற வேண்டியிருந்தது. அதற்குப் பணம், அலைச்சல். 2023இல் இந்த மாகாண எழுத்து புதிய தகடுகளிலிருந்து நீக்கப்பட்டது. மண்கும்பான் வீதியில் புதிய மோட்டார் சைக்கிளில் 'என்.பீ.' இல்லாததற்குக் காரணம் இதுவே. பழைய தகட்டில் அது இருந்தால் இருக்கட்டும், அதனால் குற்றமில்லை.

இவ்வளவு மாற்றம் நடந்தும், ஒருமுறை கொடுத்த இலக்கம் அந்த வாகனத்தோடேயே இருக்கும் என்ற விதி மாறவில்லை. உடையவர் பத்துப்பேர் மாறினாலும் இலக்கம் மாறாது. இதனால்தான் ஒரே வீதியில் எழுபது ஆண்டு வரலாறு வரிசையாக ஓடுகிறது.

தகடு வேறு, புத்தகம் வேறு

தகடு வெறும் தகரம். கராஜில் எவரும் வெட்டி எழுதிக் கொடுக்கலாம். வாகனத்தின் உண்மையான அடையாளம் அதன் சட்டகத்தில் அடிக்கப்பட்டிருக்கும் எண்ணும், இயந்திரத்தில் அடிக்கப்பட்டிருக்கும் எண்ணும். இந்த இரண்டையும், தகட்டு இலக்கத்தையும், உடையவரின் பெயரையும் ஒன்றாகச் சேர்த்து வைத்திருக்கும் பத்திரம் பதிவுப் புத்தகம். இப்போது அது ஒற்றைத் தாள் சான்றிதழாக வருகிறது; சனங்கள் இன்னும் 'புத்தகம்' என்றே சொல்கிறார்கள். அதன் மூலப்பதிவு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இருக்கும். தலைமை அலுவலகம் கொழும்பு நாரஹேன்பிட்டியில் உள்ளது. யாழ்ப்பாணத்தில் மாவட்ட அலுவலகம் உண்டு.

இங்கேதான் பெரியவரின் தகடு உதவியது. இயந்திரத்தின் சட்டக எண் அவருக்கு நினைவில்லை, புத்தகமும் இல்லை. ஆனால் இலக்கம் கையில் இருந்தது. இலக்கத்தைக் கொடுத்தால் திணைக்களப் பதிவேட்டிலிருந்து அந்த வாகனத்தின் விபரத்தைக் கட்டணம் செலுத்திப் பெறலாம். அவருக்கும் கிடைத்தது. அதில் உடையவர் பெயர் இன்னும் அவருடையதாகவே இருந்தது. இயந்திரம் திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் அது தனது பெயரில் எங்கோ ஓடி, எவரையோ இடித்து, தனக்கு நீதிமன்ற அழைப்பு வந்துவிடுமோ என்று அவர் பல ஆண்டு காலம் பயந்துகொண்டிருந்தார். பொலிசில் முறைப்பாடு பதிந்து, அதன் பிரதியோடு திணைக்களத்துக்கு எழுத்தில் அறிவித்த பின்பே அவருக்கு நித்திரை வந்தது.

2009 வைகாசியில் முள்ளிவாய்க்காலுக்கு அண்மையில் உழவு இயந்திரங்களும் மோட்டார் சைக்கிள்களும் சைக்கிள்களும் ஆயிரக்கணக்கில் விடப்பட்டுக் கிடந்ததை நம்மில் பலர் கண்ணால் கண்டோம். அவற்றில் ஒன்றைத் தனது என்று சொல்ல ஒருவரிடம் இருந்ததெல்லாம் இலக்கமும், தப்பியிருந்தால் புத்தகமுமே. எனவே நடைமுறையில் கவனிக்க வேண்டிய சிலவற்றைச் சொல்கிறேன்.

புத்தகம் தொலைந்திருந்தால் இரண்டாம் பிரதி பெறலாம். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, அடையாள அட்டை, சமாதான நீதவான் முன்னிலையில் ஒப்பமிட்ட சத்தியக் கடதாசி என்பன பொதுவாகக் கேட்கப்படும். முறைப்பாட்டில் இலக்கத்தைப் பிழையில்லாமல் எழுதுவிக்க வேண்டும். '1 ஸ்ரீ'யா '7 ஸ்ரீ'யா என்ற ஒரு எண் பிழை ஆறு மாதத்தைத் தின்றுவிடும்.

வாகனத்தை விற்றால், விற்றவரும் வாங்கியவரும் 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். விற்றவர் நிரப்புவது எம்.ரி.ஏ. 8 என்ற படிவம். வாங்கியவர் நிரப்புவது எம்.ரி.ஏ. 6. நம்மூர்களில் என்ன நடக்கிறது? விற்றவர் வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுவார். வாங்கியவர் அதை அப்படியே வைத்திருந்து அடுத்தவருக்கு விற்பார். 'ஓப்பின் பேப்பர்' என்று இதற்குப் பெயரும் உண்டு. இடப்பெயர்வுக் காலத்தில் அரைவிலைக்கு வண்டியை விற்றவர்களில் அநேகர் இப்படித்தான் விற்றார்கள். கையெழுத்திட்டவர் கனடாவிலோ, காலமாகியோ இருப்பார். கடைசியில் வாங்கியவர் பெயர் மாற்ற வழியின்றி நிற்பார். பதிவேட்டில் பெயர் உள்ளவர்தான் சட்டத்தின் கண்ணில் உடையவர். ஆகவே வாங்குபவர் அன்றே இரு படிவத்தையும் ஒப்படைக்கப் பார்க்க வேண்டும். விற்பவரும் 'காசு வந்தது, போதும்' என்றிராமல் தன் படிவத்தைத் தானே பதிவுத்தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை வைத்திருப்பது புத்தி.

உடையவர் இறந்துவிட்டால் மரணச் சான்றிதழும், வாரிசுரிமையைக் காட்டும் பத்திரங்களும் வேண்டும். போரில் காணாமற்போனவர்களின் மனைவிமாருக்கு இது பெரிய சிக்கல். மோட்டார் சைக்கிள் முற்றத்தில் நிற்கும். விற்கவும் முடியாது, வரி கட்டி ஓடவும் முடியாது. இப்படியான குடும்பங்கள் வேலணை அல்லது ஊர்காவற்றுறைப் பிரதேச செயலகத்தில் கிராம அலுவலரின் கடிதத்தோடு விடயத்தை எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்குத் திகதி முத்திரை பெற்று வைக்க வேண்டும். வாய்ச்சொல் ஒரு பதிவிலும் ஏறாது.

குத்தகை முறையில் உழவு இயந்திரமோ முச்சக்கர வண்டியோ எடுத்தவர்கள் தமது புத்தகத்தை ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும். பதிவு செய்யப்பட்ட உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கும். முழு உரிமையாளர் என்ற இடத்தில் பணம் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இருக்கும். தவணை தவறினால் வண்டியைத் தூக்கிச் செல்ல அவர்களுக்குப் பலம் தருவது அந்த ஒரு வரி. கடைசித் தவணை கட்டி முடிந்ததும் விடுவிப்புக் கடிதம் பெற்று, திணைக்களத்தில் அந்தப் பெயரை நீக்குவிக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் முழுப்பணமும் கட்டி ஐந்து ஆண்டுகள் சென்றபின் விற்கப் போனபோதுதான் பெயர் நீக்கப்படவில்லை என்று அறிந்தார்.

வாகனம் பழுதாகி நீண்டகாலம் நிற்குமானால், பாவனையில் இல்லை என்று உரிய காலத்தில் பிரதேச செயலகத்துக்கு அறிவிக்கலாம். அறிவிக்காமல் விட்டால் நின்ற ஆண்டுகளுக்கும் வருமான உத்தரவுப்பத்திர நிலுவை ஏறும். முற்றாக அழிந்துபோன வாகனத்துக்குப் பதிவை இரத்துச் செய்விக்கலாம்.

பெட்டிக்கும் இலக்கம் உண்டு

உழவு இயந்திரம் வைத்திருப்போர் பலர் கவனிக்காத விடயம் ஒன்று. இயந்திரம் ஒரு வாகனம். பின்னால் இழுக்கும் பெட்டி சட்டப்படி வேறொரு வாகனம். இரண்டுக்கும் தனித்தனிப் பதிவு, தனித்தனி இலக்கம். இரண்டு சில்லு லான்ட்மாஸ்ரரும் பதியப்பட வேண்டியதே. வயலுக்குள் மாத்திரம் ஓடுகிறது என்று சொல்லித் தப்ப முடியாது. வயலுக்குப் போக வீதியைக் கடக்கத்தானே வேண்டும்? சங்கங்கள் மூலமாகவும் நிவாரணத் திட்டங்கள் மூலமாகவும் இயந்திரம் பெற்றவர்கள், புத்தகம் யாருடைய பெயரில் இருக்கிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். சங்கத்தின் பெயரிலிருந்தால் சங்கக் கூட்டக் குறிப்பேட்டில் யார் பொறுப்பு என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

நம் அயலவரான கடற்றொழிலாளரின் படகுகளையும் பாருங்கள். கடற்றொழில் திணைக்களம் கொடுத்த நீண்ட இலக்கம் படகின் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும். அதன் முடிவில் 'ஜே.எப்.என்.' என்றிருந்தால் யாழ்ப்பாணம், 'எம்.என்.ஆர்.' என்றிருந்தால் மன்னார். வீதியில் மாகாண எழுத்து போய்விட்டது; கடலில் மாவட்ட எழுத்து இருக்கிறது.

சைக்கிள்

கடைசியாக, நம்மில் அதிகமானோருக்கு உள்ள ஒரே வாகனம். சைக்கிளுக்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தோடு தொடர்பில்லை. மாட்டு வண்டியைப் போல அதுவும் உள்ளூராட்சிச் சபைக்கு உரிய விடயம். முன்னாளில் கிராமச் சபையும், பின் பிரதேச சபையும் ஆண்டுதோறும் சிறு கட்டணம் பெற்று ஒரு சிறு தகடு கொடுத்தன. அதைச் சில்லுக் கம்பியிலோ சட்டத்திலோ கட்டியிருப்போம். பழைய றலி சைக்கிள்களில் துருப்பிடித்த தகடுகள் இன்னும் சிலவற்றில் தொங்குவதைக் காணலாம்.

அந்தத் தகட்டை விட நம்பக்கூடியது சைக்கிளின் சட்டத்தில் அடிக்கப்பட்ட எண். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டை பொருந்தும் குழாயின் அடிப்பக்கத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள். அநேகமாக அங்கே இருக்கும். இல்லையேல் இருக்கைக் குழாயில் இருக்கும். அந்த எண்ணையும், வாங்கிய கடையின் பற்றுச்சீட்டையும், வாகனம் உள்ளவர்கள் தகட்டிலக்கம், சட்டக எண், இயந்திர எண் என்பவற்றையும் குடும்ப அட்டையின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். புத்தகத்தின் நிழற்படப் பிரதி ஒன்றை வேறூரில் உள்ள உறவினரிடம் கொடுத்து வைக்கலாம். கைத்தொலைபேசியில் படமாக எடுத்து வெளிநாட்டிலுள்ள பிள்ளைக்கு அனுப்பி வைத்தாலும் சரி.